கேள்வியை நாம் எழுதுவோம், தோழர்களே!



தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்காக வீட்டுக்கு வீடு எண் எழுதிக்கொண்டு போனார்கள். 2024 மார்ச்சில் தொடங்கிய கணக்கெடுப்பு அது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதற்குத் தாள் காட்டினால் தாராவிக்குள் 350 சதுர அடி வீடு. மாடியில் குடியிருப்பவர்களுக்கும் பிந்தி வந்தவர்களுக்கும் வெளியேதான் இடம். இந்தத் திட்டத்துக்காகத் தேவனார் குப்பைமேட்டு நிலத்தைக்கூட ஒதுக்கியாகிவிட்டது. நீ எந்த வருஷம் வந்தாய் என்பதற்கு அந்தக் கணக்கெடுப்பில் மதிப்பு உண்டு. யார் உன்னைக் கூட்டிவந்தார், சதுப்பை எதைப் போட்டுத் தூர்த்தாய், எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தாய் என்பதற்கு அதில் இடமே இல்லை.

அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் கிடங்குகளுக்கு வந்து சேர்ந்தவர்களின் கதை, விடியுமுன் இட்லி அவித்து நகரமெங்கும் அனுப்பும் அம்மாக்களின் வரவு செலவு, 1960-களின் கடைசியில் தென்னிந்தியர்களைச் சிவசேனைக்காரர்கள் அடித்து விரட்டியபோது மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் யார் யாருக்குக் கதவு திறந்தார்கள் என்ற நினைவு, இவையெல்லாம் இன்னும் வாயில்தான் இருக்கின்றன. அன்று இருபது வயதில் இருந்தவர்கள் இன்று எண்பதை நெருங்குகிறார்கள். வீட்டை இடிக்கும் இயந்திரம் வருவதற்கு முன்பே இவர்கள் போய்விடுவார்கள். ஆகவே சொல்கிறேன்: இந்த ஆண்டே ஒரு கூட்டு ஆய்வு நல்கைக்கு நாம் விண்ணப்பிக்க வேண்டும்.

என் பெரியப்பா தோல் கிடங்கின் சுண்ணாம்புத் தொட்டியில் முப்பது வருஷம் நின்றவர். ஒருமுறை ஓர் ஆய்வாளர் வந்தார். இரண்டு நாள் உட்கார்ந்து பெரியப்பாவின் பேச்சைப் பதிவு செய்தார். பெரியம்மா அவருக்கு மீன்குழம்பு வைத்தாள். அதோடு சரி. பெரியப்பா இறந்தபின் அந்த ஒலிநாடாவைத் தேடி நாங்கள் அலையாத இடமில்லை. அவர் குரல் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஓர் அலமாரியில் இருக்கிறது, எங்கள் வீட்டில் இல்லை. இனி ஒரு குடும்பத்துக்கும் இது நடக்கக் கூடாது.

நம்மால் முடியுமா என்று தயங்குகிறவர்கள் ஜாக்கின் அற்புதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கோலார் தங்கவயலில் பிறந்து மும்பைக்கு வந்த நம் தமிழர். மான்குர்த் பக்கம் ஜனதா காலனியில் குப்பை அள்ள யாரும் வரவில்லை என்றதும், பிள்ளைகளைத் திரட்டி அந்தக் குப்பையை மாநகராட்சி அலுவலக வாசலிலேயே கொண்டுபோய்க் கொட்ட வைத்தவர். நெருக்கடி நிலையின்போது, 1976-இல், அந்தக் காலனியையே அப்புறப்படுத்திச் சனங்களைச் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பினார்கள். 1985-இல் ஸ்பார்க் என்ற அமைப்பு நடைபாதைவாசிகளோடு சேர்ந்து சுமார் 6,000 நடைபாதைக் குடும்பங்களைக் கணக்கெடுத்தது. பிறகு ஜாக்கினின் தேசியக் குடிசைவாசிகள் சம்மேளனமும் அவர்களோடு கைகோத்தது. எண்ணப்படுகிறவர்களே எண்ணுகிறவர்களாக மாறினார்கள். அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் அதிகாரிகளின் மேசைக்கு எதிரே சரிசமமாக உட்கார்ந்தார்கள்.

1949-இல் இதே நகரத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மானுடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை, ஆராய்ச்சி செய்வதும் ஓர் உரிமை என்று 2006-இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். அவர் தொடங்கிய ‘புகார்’ (PUKAR) என்ற அமைப்பில் மும்பையின் இளைஞர்கள் குழுக்குழுவாகச் சேர்ந்து தங்கள் தெருவைத் தாங்களே ஆய்ந்தார்கள். வழி ஏற்கெனவே போட்டிருக்கிறது, தோழர்களே.

முதல் வேலை கேள்வி. விண்ணப்பப் படிவத்தை இப்போது யாரும் திறக்காதீர்கள். எதைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏன் இப்போதே, யாரிடம் கேட்போம், கிடைத்ததை எங்கே வைப்போம் என்பதை ஒரே பக்கத்தில், தமிழில் எழுதுவோம். துணைக்கு ஒரு பேராசிரியரைத் தேடிப் போவது அதற்குப் பிறகு. வெறுங்கையோடு போனால் அவருடைய கேள்விக்கு நாம் ஆள் பிடித்துக் கொடுப்பவர்களாகிவிடுவோம். பக்கம் கையில் இருந்தால் அவர் நம் கேள்விக்குத் துணை வருவார். தேவனாரில் டாட்டா சமூக அறிவியல் கழகம் இருக்கிறது, செம்பூரிலிருந்து ஆட்டோ தூரம். இந்தியச் சமூக அறிவியல் ஆய்வுக் கழகத்தின் நிதி வேண்டுமென்றால் இப்படி ஒரு கல்வி நிறுவனம் கூட இருந்தே ஆக வேண்டும். பெங்களூரில் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் 1995 முதல் நல்கை வழங்குகிறது. அவர்களுக்குத் தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம். இங்கிலீஷ் தெரியாது என்று பின்வாங்க இனி யாருக்கும் காரணமில்லை.

அடுத்தது, பணம் யார் பெயரில் வரும் என்பது. இதில்தான் நல்ல நட்புகள் உடைகின்றன. ஏழு பேர் கையெழுத்துப் போட்டுப் புதுச் சங்கம் தொடங்கிவிடலாம்தான். ஆனால் நல்கை தருகிறவர்களில் பலர் மூன்று வருஷத் தணிக்கைக் கணக்கு கேட்பார்கள். அத்தனை காலம் நமக்கில்லை. சாரிட்டி கமிஷனர் ஆபீஸில் பதிந்து, வருஷா வருஷம் கணக்கு ஒப்படைத்து வரும் நம் பழைய சங்கம் ஒன்றின் கதவைத் தட்டுவோம். வெளிநாட்டு நிதி என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. 2020-இல் திருத்திய வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு இங்கே உதவாது.

பணம் வருமுன்பே ஒப்பந்தத்தையும் எழுதிவிடுவோம். ஒவ்வொரு பதிவின் ஒரு பிரதி பேசியவர் வீட்டுக்கு, ஒன்று தாராவியில். ஆய்வு புத்தகமாக வந்தால், கேள்வி கேட்டுப் பதிவு செய்த நம் பெண்களின் பெயர் ஆசிரியர்களோடு வர வேண்டும், நன்றியுரையில் ஒளிந்திருக்கக் கூடாது. கேள்வி கேட்கப் போகும் அக்காவுக்கு அன்றைய கூலி உண்டு. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நான்கைந்து மணி நேரமாவது ஆகும். அந்த உழைப்புக்கும் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி வேண்டும். சேவை என்று சொல்லி நம் பிள்ளைகளை நாமே சுரண்ட வேண்டாம்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு தாராவி லேபர் கேம்ப் படிப்பகத்துக்கு வாருங்கள். அந்த ஒரு பக்கத்தை அங்கேயே எழுதி முடிப்போம். வீட்டில் 1976 போட்டோ பாஸ், பழைய ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, கிடங்குக் கூலிச் சீட்டு எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். நடக்க முடிகிற பெரியவர்களைக் கைபிடித்துக் கூட்டி வாருங்கள். செம்பூர்த் தோழர்கள், பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்தும் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் தொடங்குமுன் ரயில் ஏறிவிடுங்கள்.