எவ்வளவு குடுக்கு, அண்ணாச்சி?

எங்கள் இலஞ்சிப் பக்கம் எந்தப் புது வண்டி வந்து நின்றாலும், விலையைக் கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும்: "எவ்வளவு குடுக்கு?" லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று அர்த்தம். என் தங்கை மகன் முப்பதாயிரத்துக்குள் ஓர் எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கியிருக்கிறான். "மாமா, சாரல் முடியிற வரைக்கும் நீங்களே வச்சு ஓட்டுங்க, உங்க முட்டுவலிக்கு ஆகுதான்னு பாப்போம்" என்று விட்டுப் போனான். டீக்கடை வாசலில் நிறுத்தியதுமே அந்தக் கேள்வி வந்துவிட்டது. லிட்டரே இல்லாத வண்டிக்கு என்னத்தைச் சொல்ல?

கணக்கு என்னவோ எளிதுதான். இந்த விலையில் கிடைக்கிற சைக்கிள்களில் பின்சக்கரத்தின் நடுவில் 250 வாட் மோட்டார் இருக்கும். பேட்டரி 36 வோல்ட், ஆறு ஆம்பியர்-மணியை ஒட்டி. பெருக்கிப் பார்த்தால் ஒரு யூனிட் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு கொள்ளளவு. சார்ஜர் விழுங்குவதையும் சேர்த்துக் கால் யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உள்ள நம் வீடுகளில் இந்தச் செலவு பில்லில் தெரியக்கூடத் தெரியாது. வெறுமனே ஆக்சிலேட்டரை முறுக்கி ஓட்டினால் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர்; நாமும் பெடல் போட்டால் முப்பது என்று பெட்டியில் போட்டிருப்பார்கள்.

பெட்டியில் போட்டவர்கள் ஆடி மாதம் தென்காசிக்கு வந்தவர்கள் அல்ல. ஜூன் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற மேலக்காற்று இருக்கிறதே, காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுர வாசலில் ஆளைப் பிடித்துத் தள்ளுகிற அதே காற்று, அதுதான் இந்த வட்டாரத்தில் பேட்டரிக்கு எமன். இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே இருபது கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், காற்றின் எதிர்ப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. இலஞ்சியிலிருந்து தென்காசிக்குப் போகும்போது முதுகில் காற்று. பாதையும் இறக்கத்தை ஒட்டியே இருக்கும். பேட்டரியில் உள்ள சிறு விளக்குகள் ஒன்றுகூட அணையாது. "அடேயப்பா, என்னா வண்டி!" என்று சொல்லத் தோன்றும். மார்க்கெட்டில் காய் வாங்கி, பையை ஹேண்டில் பாரில் மாட்டி, மேற்கே முகத்தைத் திருப்பும்போதுதான் சங்கதி தெரியும். காற்றில் முறுக்கினால் ஒரு விளக்கு அணையும், நின்றால் மறுபடி எரியும். இன்னும் கொஞ்சம் போனால் அணைந்தது அணைந்ததுதான். காலையில் நிறைந்த பேட்டரியோடு காற்றோடு போகிறோம். சாயங்காலம் மிச்சப் பேட்டரியோடு காற்றை எதிர்த்து வீடு திரும்புகிறோம். இதை எந்த விளம்பரத்தில் போடுவார்கள்?

அதற்காக வண்டியைத் தள்ளிக்கொண்டு வரவேண்டியதில்லை. நாமும் மிதித்தால் வந்துவிடும். இங்கேதான் பலருக்கு மனம் கசக்கிறது. "அண்ணாச்சி, அவ்வளவு துட்டு குடுத்துட்டு பெடலும் போடணுமா?" என்று கேட்ட ஒரு பெரியவர், நான் ஆமாம் என்றதும் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை என்பதுபோல் நகர்ந்துவிட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆயுள் முழுக்க மிதித்தவர்களுக்கு மோட்டார் என்றால் காலுக்கு ஓய்வு. ஆனால் இந்த வண்டி காலுக்கு ஓய்வு தருகிற வண்டி இல்லை. முட்டுக்குச் சுமையைக் குறைக்கிற வண்டி. நின்ற இடத்திலிருந்து கிளம்புகிற முதல் சில மிதிகளில்தான் எனக்கு வலி. அந்த இடத்தில் ஆக்சிலேட்டரைத் தொட்டால் போதும், மோட்டார் பார்த்துக்கொள்கிறது. அப்புறம் மிதிப்பதில் சிரமம் இல்லை.

மலிவு வண்டியில் ஒரு கோளாறு. நாம் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்று அதற்குத் தெரியாது; பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். அதனால் மிதித்த பிறகு ஒரு கணம் கழித்துத்தான் மோட்டார் விழிக்கும். காலை நிறுத்திய பிறகும் ஒரு கணம் தள்ளும். சீசன் நேரம் குற்றாலத்தில், எண்ணெய் தேய்த்துக்கொண்டு ரோட்டின் குறுக்கே நடக்கிற கூட்டத்துக்கு நடுவில், அந்த ஒரு கணம் பெரிய கணம். விரல் பிரேக்கிலேயே இருக்கவேண்டும். பிரேக்கைத் தொட்டதும் மோட்டார் நின்றுவிடும்படி வைத்திருக்கிறார்களே, அது புண்ணியம்.

இன்னொரு குறை எனக்குப் புரியவே இல்லை. இந்தச் சைக்கிள்களை யாருக்காகச் செய்கிறார்கள்? முன்னால் மலையேறுகிற வண்டிபோல் தடித்த ஷாக் அப்சர்பர். பின்னால் கேரியர் இல்லை. மட்கார்டு இல்லை, இருந்தாலும் பேருக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. சாரல் ஈரத்தில் செம்மண் ரோட்டில் போய்விட்டு வீட்டுக்கு வந்தால் சட்டை முதுகில் நேராக ஒரு சேற்றுக்கோடு. வேட்டிக்காரன் கால் தூக்கிப் போட்டு ஏற முடியாத உயரத்தில் குறுக்கே பார். தாழ்ந்த பார் வைத்த மாடல்களும் வருகின்றன. நம் ஊர்க்காரர்கள் அதைத்தான் கேட்டு வாங்கவேண்டும். எடை இருபது கிலோவுக்கு மேல். நாலு படி ஏற்றித் திண்ணையில் வைப்பதற்கு எனக்கு இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறது. பேட்டரி கழற்றக்கூடியதாக இல்லாவிட்டால் சார்ஜ் போடத் தினமும் அந்த ஆள் வேண்டும்.

பஞ்சர் ஒட்ட ஒரு நாள் சைக்கிள் கடையில் நின்றேன். கடைக்காரர் பின்சக்கரத்தின் நடுவிலிருந்து வெளியே வருகிற ஒயரைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டார். "கரண்டு வண்டில்லா, நமக்கு எதுக்கு வம்பு?" பிறகு சக்கரத்தைக் கழற்றாமலே ஒரு பக்கம் டயரை நெம்பி, ட்யூபை வெளியே இழுத்து, தண்ணீர்ச் சட்டியில் முக்கி, குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடித்து, அரத்தால் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டிக் கொடுத்தார். அந்தக் கலை நம் ஊரில் இருக்கிறவரை பஞ்சருக்குப் பயமில்லை. ட்யூபையே மாற்றவேண்டும் என்றால் ஒயரின் இணைப்பைக் கழற்றி, பெரிய நட்டைத் திருகி எடுக்கத்தான் வேண்டும். மோட்டாரோ கன்ட்ரோலரோ போனால் சைக்கிள் கடைக்காரர் கையை விரித்துவிடுவார், விற்றவரிடம்தான் போகவேண்டும். விற்றவர் எங்கோ ஒரு குடோனில் இருந்து பார்சல் அனுப்புகிறவராக இருந்தால் உங்கள் பாடு.

துட்டு விஷயத்துக்கு வருவோம். பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியிருக்கிற காலத்தில் ஸ்கூட்டருக்குக் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் ஆகிறது. எலெக்ட்ரிக் சைக்கிளுக்குப் பத்துப் பைசாகூட இல்லை என்பார்கள். பாதி உண்மை. லித்தியம் பேட்டரி சுமார் ஐந்நூறு முறை முழுதாக சார்ஜ் ஏற்றி இறக்கிய பின் சோர்ந்துபோகும். புதிது வாங்கப் பத்தாயிரத்தை ஒட்டி ஆகும். அதையும் பிரித்துப் போட்டால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்க்குப் பக்கம் வந்து நிற்கிறது. அப்படியும் ஸ்கூட்டருக்கு இது மேல். ஆனால் பத்துப் பைசா இல்லை.

சட்டம் இதில் நம் பக்கம். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் என்றால் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இது மோட்டார் வாகனமே இல்லை. லைசென்ஸ், பதிவு எதுவும் வேண்டாம். "ஒரு ஒயரைக் கழட்டிட்டா நாப்பதுல பறக்கும்" என்று சொல்கிற கடைக்காரர்களும் உண்டு. அந்த ஒயரைக் கழற்றிய நிமிடமே அது பதிவெண் இல்லாத மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. முட்டினால் இன்ஷூரன்ஸும் இல்லை.

லைசென்ஸ் வேண்டாம் என்பது, அதிலும் பெண்களுக்கு, சிறிய விஷயம் அல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று நடத்திய காரியம் அது. அன்று பழகிய பெண்களில் பலருக்கு இன்று முட்டுவலி இருக்கும். டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லைதான். பஸ்ஸுக்குத் துட்டு மிச்சம். பஸ் வருகிற நேரம் பஸ்ஸின் இஷ்டம். நினைத்தபோது கிளம்பி நினைத்தபோது திரும்ப ஒரு பெண்ணுக்கு வண்டி வேண்டும் என்றால், ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலை மிதிக்காமல் கிடைக்கிற மோட்டார் இது.

பால் கேன், வாழைத்தார், மாட்டுக்குப் புல்லுக்கட்டு தூக்குகிறவர் இதை வாங்கவே கூடாது. அவருக்கு டி.வி.எஸ். எக்ஸ்.எல். இருக்கிறது, விலை கூடினாலும் அதுதான் லாபம். பின்னால் மனைவியை உட்கார வைக்க நினைப்பவருக்கும் இது ஆகாது. இலஞ்சியிலிருந்து தென்காசி, குற்றாலம், செங்கோட்டை எதற்குப் போனாலும் பத்துக் கிலோமீட்டரைத் தாண்டாது. இந்த வட்டத்துக்குள் தனியாகப் போய்வருகிறவர், ஏற்கெனவே சைக்கிள் மிதித்துப் பழகியவர், இன்னும் மிதிக்கச் சம்மதிக்கிறவர், இவர்கள் தாராளமாக வாங்கலாம். கழற்றுகிற பேட்டரி, கேரியர், முழு மட்கார்டு, தென்காசியிலேயே ரிப்பேர் பார்க்க ஆள், இந்த நான்கில் ஒன்று இல்லையென்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சித்திரையில் வாங்காதீர்கள். ஆடியில் கடைக்குப் போய், சாயங்காலம் தென்காசியிலிருந்து மேற்கே பார்த்து ஓட்டிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் பணத்தைக் கட்டுங்கள்.