கொஸ்டின் பேப்பருக்கே எக்ஸாம்!

இன்டர்னல், மாடல், செமஸ்டர்னு வருஷம் முழுக்க நமக்குத்தான் எக்ஸாம். என்னிக்காவது அந்த கொஸ்டின் பேப்பருக்கு யாராச்சும் எக்ஸாம் வெச்சிருக்காங்களா? ஃபிரான்ஸ்ல வெச்சிருக்காங்க பாஸ்!

பக்கவாதம் வந்தவங்கள்ல சுமாரா மூணுல ஒருத்தருக்கு 'அஃபேசியா' வரும். மூளையில மொழியைக் கவனிக்கிற பகுதி அடிபட்டுடும். தண்ணி கேட்க நினைப்பாங்க... வாயில 'நாற்காலி'னு வரும். சிலருக்கு அடுத்தவங்க பேசுறதே புரியாது. சுத்தி நிக்கிறவங்க, 'பாவம், புத்தி தடுமாறிடுச்சு'னு முடிவு கட்டிடுவாங்க. தடுமாறினது புத்தி இல்லை, வார்த்தை!

இதைக் கண்டுபிடிக்க விரிவான டெஸ்ட்கள் இருக்கு. ஆனா, மணிக்கணக்கா இழுக்கும். நேத்து பக்கவாதம் வந்தவரை அப்படிப் படுத்த முடியுமா? அதனாலதான் பாரிஸ் பக்கத்துல, பிசெத்ர் மருத்துவமனையைச் சேர்ந்த கான்ஸ்டான்ஸ் ஃப்ளமான்-ரோஸ் டீம், 2011-ல ஒரு குட்டி டெஸ்ட்டை வெளியிட்டாங்க. பேரு 'லாஸ்ட்'. வைக்கிறது என்னவோ ஃபர்ஸ்ட் நாளே!

15 கேள்வி, 15 மார்க், சுமார் 2 நிமிஷம். படம் பார்த்துப் பேர் சொல்ல 5, கேட்டதைத் திருப்பிச் சொல்ல 2, ஒண்ணுல இருந்து பத்து வரை எண்ண 1, கேட்ட படத்தைக் காட்ட 4, சொன்னபடி செய்ய 3. எழுதுற வேலையே கிடையாது. கை வராதவங்களும் பாஸாகணுமே! ஒரு மார்க் குறைஞ்சாலும் அஃபேசியா சந்தேகம்தான்.

சரி, இந்த டெஸ்ட்டை எப்படி நம்புறது? 300 நோயாளிகள்கிட்ட வெச்சுப் பார்த்தாங்க. வேற வேற ஆள் மார்க் போட்டாலும் ஒரே மார்க் வருதா? வந்தது. மறுபடி வெச்சா பழைய பதில் ஞாபகம் இருக்குமேனு, 'ஏ' செட், 'பி' செட் போட்டிருந்தாங்க. ரெண்டும் ஒரே அளவு கஷ்டமா? ஆமா. கடைசியா, 'பாஸ்டன்' பெரிய டெஸ்ட்டோட ஒப்பிட்டாங்க. நிஜமா அஃபேசியா இருக்கிற 100 பேர்ல 98 பேரை இது பிடிச்சிடும்ங்கிற கணக்கு வந்தது. இல்லாதவங்களை இருக்குனு சொல்லவே இல்லை.

'அப்படியே தமிழ்ல மொழிபெயர்த்துடலாமே?' அங்கதான் சிக்கல். ஃப்ரெஞ்சுல சின்ன வார்த்தை, தமிழ்ல நீளமா இருக்கலாம். பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்குக் கோட்டுப்படம் பிடிபடாம போகலாம். நல்லா இருக்கிற பாட்டி ஃபெயிலாவாங்க. பாதிக்கப்பட்ட தாத்தா பாஸாகி, ஸ்பீச் தெரபி இல்லாமலே வீட்டுக்குப் போயிடுவார். ஸோ, மொழி மாறினா டெஸ்ட்டுக்கு மறுபடியும் எக்ஸாம், முதல்ல இருந்து. லேப்ல மீட்டரை கேலிபரேட் பண்ணாம ரீடிங் எடுத்தா ரெக்கார்டுல சைன் கிடைக்குமா?

ஒரு சின்ன ரிக்வெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்... வீட்ல யாருக்காவது திடீர்னு பேச்சு குழறினா, டெஸ்ட் வெச்சுக்கிட்டு நிக்காதீங்க. உடனே 108!