மேகமலையும் பிராணவாயுவும்

மேகமலைச் சாலையில் வண்டி கவிழ்ந்து ஒருவன் கால் நசுங்கின், அதனைக் காப்பது எங்ஙனம்? உயரழுத்த அறையிற் சுவாசிக்கும் பிராணவாயு, குருதி நீரிற் கரைந்து, இரத்தவோட்டங் குன்றிய தசைக்கும் எட்டும். 1996-இல் வெளிவந்த பிரெஞ்சு ஆராய்ச்சியொன்றில், இரண சிகிச்சைக்குப்பின் இதனைப் பெற்ற 18 பேரில் 17 பேர்க்கும், பெறாத 18 பேரில் 10 பேர்க்கும் புண் முற்றும் ஆறிற்று. தொகை சிறிதெனினும் பயன் வெளிப்படை.

ஆயினும் இவ்வறை துணையேயன்றி முதலன்று. இறந்த தசையை நீக்கி, அறுந்த நாளத்தை இணைக்கும் வைத்தியர் கையே முதல். ஆகலின், காயமுற்றாரை மலையினின்று தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலத்தே சேர்க்கும் ஊர்தியை முன்னர்க் கேட்போம். அறையைப் பின்னர்க் கேட்போம். குருதிப் பெருக்கை அடக்கும் முதலுதவியை நம் மாணவர் யாவரும் பயில்க. தாமதத்தை எவ்வாயுவும் ஈடுசெய்யாதென்பதே நம் துணிபு.