புற்றுநோயாளியைப் படுக்க வைக்கும் பரிவு

புற்றுநோய் என்று உறுதியான நாள் முதல் நோயாளி படுத்தே இருக்க வேண்டும், எழுந்து நடமாடுவதும் கைவேலை செய்வதும் உள்ள தெம்பையும் கரைத்துவிடும் என்னும் நம்பிக்கை, தமிழ்நாட்டுக் குடும்பங்களில் படிப்பு, வசதி என்ற வேறுபாடின்றி வேரூன்றிக் கிடக்கிறது. தண்ணீர்ச் செம்பைக்கூட எடுக்கவிடாத மனைவியும், நான்கடி தூரத்துக்கும் கைத்தாங்கலாக அழைத்துச் செல்லும் மகனும் அன்பினால்தான் அவ்வாறு செய்கின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த அன்பு நோயாளியின் உடலில் என்ன விளைவிக்கிறது என்று பார்த்தால், அதைக் கேடு என்றே சொல்ல வேண்டியுள்ளது. நோய் ஏற்கெனவே அரித்துக்கொண்டிருக்கும் தசையைக் கட்டாய ஓய்வு மேலும் அரிக்கிறது.

தெம்பு என்பது குதிரில் கொட்டி வைத்த நெல்லைப் போல அள்ள அள்ளக் குறையும், அள்ளாவிட்டால் அப்படியே இருக்கும் என்ற எண்ணமே இந்த நம்பிக்கையின் வேர். தசையின் இயல்பு இதற்கு நேர்மாறானது. தசையிலுள்ள புரதம் நாள்தோறும் சிதைந்துகொண்டும் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டும் இருக்கிறது. கட்டப்படுவதற்கான முதன்மையான தூண்டுதல் உடல் எடையைத் தாங்குவதிலிருந்தும் பளுவை எதிர்ப்பதிலிருந்தும் வருவதால், அந்தத் தூண்டுதல் நின்றவுடன் சிதைவு மேலோங்குகிறது. 1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் டாலஸ் நகரில், 20 வயதுள்ள நலமான ஆண்கள் ஐவரை மூன்று வாரங்கள் படுக்கையில் கிடத்தி ஆய்வு செய்தனர். அதே ஐவரை 30 ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதித்தபோது, முப்பது ஆண்டு முதுமை அவர்களின் உழைக்கும் திறனைக் குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை கூடுதலாகக் குறைத்திருந்தது தெரியவந்தது. நலமான முதியவர்களைப் பத்து நாட்கள் படுக்க வைத்து 2007இல் வெளியிடப்பட்ட மற்றோர் ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ கொழுப்பற்ற திசு மறைந்தது. இவர்களில் எவருக்கும் புற்றுநோய் இல்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

புற்றுநோயாளியின் நிலை இதைவிடக் கடுமையானது. கட்டியும் அதை எதிர்க்கும் உடலும் சுரக்கும் அழற்சிப் பொருள்கள் பசியைக் கெடுப்பதோடு, தசைப் புரதத்தைச் சிதைக்கும் வேதிவினைகளையும் முடுக்கிவிடுகின்றன. கேக்கெக்சியா எனப்படும் இந்த உடல்தேய்வுக்குப் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2011இல் வரையறை வகுத்தது: கொழுப்பு குறைந்தாலும் குறையாவிட்டாலும் எலும்புத்தசை தொடர்ந்து குறைவது, வழக்கமான ஊட்டத்தால் மட்டும் அதை முழுமையாக மீட்க இயலாதது, செயல்திறன் படிப்படியாகச் சரிவது ஆகியவை அதன் கூறுகள், ஆறு மாதங்களில் உடல் எடை ஐந்து விழுக்காட்டுக்கு மேல் குறைவது அதன் அளவுகோல்களுள் ஒன்று. சிகிச்சையும் தன் பங்குக்குத் தசையைக் குறைக்கிறது. வாந்தியைத் தடுக்கவும் வீக்கத்தைத் தணிக்கவும் தரப்படும் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் நெடுநாள் தொடர்ந்தால் தொடைத் தசைகளை நலிவிக்கின்றன. புராஸ்டேட் புற்றுநோயில் ஆண் ஹார்மோனை ஒடுக்கும் ஊசிகள் தசையைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டுகின்றன. இத்தனைக்கும் மேலாகப் படுக்கையையும் சேர்ப்பவர்கள், தாம் சேர்ப்பது ஓய்வு என்று நம்புகிறார்கள்.

‘ஆள் இளைக்கவில்லையே’ என்ற ஆறுதலும் பல வேளைகளில் பொய்யானது. எடைக் கருவிக்குத் தசையையும் கொழுப்பையும் உடலில் கோத்த நீரையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. நோயின் பரவலை அறிய எடுக்கும் சி.டி. படத்திலேயே மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் தசையின் பரப்பை அளக்க முடியும். அவ்வாறு அளந்து கனடாவில் செய்த, 2008இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், பருமனான புற்றுநோயாளிகளில் 15 விழுக்காட்டினர் மிகக் குறைந்த தசையோடு இருந்தனர். அவர்களின் செயல்திறனும் வாழ்நாளும் மற்றப் பருமனானவர்களைவிடக் குறைவாக இருந்தன. கீமோதெரபி மருந்தின் அளவைப் பெரும்பாலும் உயரத்தையும் எடையையும் கொண்டே கணக்கிடுவதால், தசை குறைந்த உடல் அதே அளவு மருந்தின் நச்சுவிளைவுகளுக்குக் கூடுதலாக ஆளாகிறது. அதன்பின் மருந்தைக் குறைப்பதும் தவணையைத் தள்ளிப்போடுவதும் தொடங்குகின்றன.

இன்னொன்றைக் குடும்பத்தார் பெரும்பாலும் அறிவதில்லை. எந்தச் சிகிச்சையை ஒருவர் தாங்குவார் என்று முடிவெடுக்க உலகெங்கும் புற்றுநோய் மருத்துவர்கள் பயன்படுத்தும், 0 முதல் 5 வரையிலான ஈகாக் அளவுகோல் நோயாளியின் நடமாட்டத்தையும் அன்றாடச் செயல்திறனையும் அளக்கிறது. விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிக்கும் நிலைக்கு வந்துவிட்டவருக்கு அதில் 3 மதிப்பெண். பெரும்பாலான புற்றுநோய்களில் அந்நிலையிலுள்ளவருக்கு வீரியமான கீமோதெரபியைத் தர மருத்துவர் தயங்குவார். சிகிச்சைக்குத் தெம்பைச் சேமிப்பதாக எண்ணிப் படுக்க வைத்தவர்களே நோயாளியைச் சிகிச்சைக்குத் தகுதியற்றவராக்கிவிடும் கொடுமை இப்படித்தான் நேர்கிறது.

நோயாளிக்கு உண்மையிலேயே களைப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, அது நடிப்புமன்று, சோம்பலுமன்று. ஆனால் புற்றுநோய்க் களைப்பு உறங்கி எழுந்தால் தீர்ந்துவிடும் களைப்பன்று. வாரம் மூன்று முறை அரைமணி நேரம் மிதமான நடை போன்ற பயிற்சியும், வாரம் இருமுறை தசைக்குப் பளு தரும் பயிற்சியும் அந்தக் களைப்பைக் குறைக்கின்றன, அன்றாடச் செயல்திறனைக் கூட்டுகின்றன என்று 2019இல் வெளியான பன்னாட்டு வல்லுநர் பரிந்துரை கூறுகிறது. குணப்படுத்தும் நோக்கில் சிகிச்சை பெறுவோர் சிகிச்சை நடக்கும்போதே பயிற்சி செய்ய வேண்டும் என்று அமெரிக்க மருத்துவப் புற்றியல் கழகம் 2022இல் வழிகாட்டியது. மார்பகப் புற்றுநோய்க்குப்பின் கைவீக்கம் உள்ள பெண்கள் எடை தூக்கவே கூடாது என்ற அச்சமும், முறையாக மெல்லமெல்லப் பளுவைக் கூட்டிய பெண்களுக்கு வீக்கம் மிகவில்லை என்று 2009இல் வெளிவந்த ஆய்வால் தகர்ந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோதெரபியும் முடித்த 889 பேரிடம் நடத்தி 2025இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மூன்றாண்டுகள் கண்காணிப்புடன் உடற்பயிற்சி செய்தவர்களில் 90.3 விழுக்காட்டினரும், அறிவுரை நூல் மட்டும் பெற்றவர்களில் 83.2 விழுக்காட்டினரும் எட்டாண்டுகளுக்குப்பின் உயிருடன் இருந்தனர். ஒரு மருந்து இவ்வளவு வேறுபாட்டைக் காட்டியிருந்தால் கடன் வாங்கியாவது அதை வாங்கித் தந்திருப்பார்கள்.

படுக்கையோடு இணைபிரியாமல் வருவது கஞ்சி. முட்டையும் மீனும் கறியும் சூடு, கவுச்சி ஆகாது என்று விலக்கி, சில கிராம் புரதமே உள்ள அரிசிக் கஞ்சியை வேளைதோறும் ஊட்டுவது தசைக்கு இழைக்கும் இரண்டாவது அநீதி. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல், இயன்றால் ஒன்றரை கிராம் வரை நாள்தோறும் புரதம் வேண்டும் என்பது ஐரோப்பிய ஊட்டவியல் வழிகாட்டுதல். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 60 முதல் 90 கிராம் வரை. நன்கு வேகவைத்த முட்டை, பருப்பு, பால், மீன் இவற்றை விலக்கிவிட்டு அந்த அளவை எட்டுவது கடினம்.

எல்லா நோயாளிக்கும் ஒரே பயிற்சி என்று எவரும் சொல்லவில்லை. எலும்புக்குப் பரவியவர்கள், தட்டணுக்கள் மிகக் குறைந்தவர்கள், காய்ச்சல் கண்டவர்கள் ஆகியோருக்குப் பயிற்சியை மாற்றியமைக்கவோ தள்ளிவைக்கவோ வேண்டும். வாழ்வின் இறுதி வாரங்களில் இருப்பவரை நடக்கச் சொல்லியும் உண்ணச் சொல்லியும் வற்புறுத்துவது கொடுமை. இவை மருத்துவர் ஆய்ந்து விதிக்க வேண்டிய விலக்குகள். இவற்றையே எல்லார்க்கும் பொதுவான விதியாக்கியதுதான் பிழை.

இப்பிழையில் மருத்துவமனைகளுக்கும் பங்குண்டு. செயல்திறனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு: கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் செயல்திறன் குறைந்துள்ளது என்று ஆசிய வல்லுநர் குழு 2019இல் வரையறுத்தது. நாற்காலியும் கடிகாரமும் இல்லாத புறநோயாளிப் பிரிவு எதுவுமில்லை. சிகிச்சை தொடங்கும் முன்பே இச்சோதனையைச் செய்யுமாறும், இயன்முறை மருத்துவரையும் உணவியல் வல்லுநரையும் காண எழுதித் தருமாறும் குடும்பத்தார் கேட்க வேண்டும். குறிப்பான காரணம் எதையும் சொல்லாமல் ‘நன்றாக ஓய்வெடுங்கள்’ என்று மட்டும் சொல்லி நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதை மருத்துவர்கள் நிறுத்த வேண்டும்.