கொடையா? கூலியா?

தோழா!

2 டாலர் 13 சென்ட்! இந்தச் சிறு தொகையை நெஞ்சிலே குறித்து வைத்துக்கொள்.

விண்ணை முட்டும் மாளிகைகளை எழுப்பியவர்கள், 1969-ல் வெண்ணிலாவிலே கால் பதித்தவர்கள், ‘உழைப்பவன் உயரலாம், எங்கள் நாட்டிலே தடையேதும் இல்லை’ என்று உலகுக்கு ஓயாது உபதேசம் புரிபவர்கள், அமெரிக்கர்கள். அந்த நாட்டிலே, உணவகத்தில் தட்டேந்தி நிற்கும் தொழிலாளிக்கு, ஒரு மணி நேர உழைப்புக்கு, முதலாளி தன் பையிலிருந்து இவ்வளவு கொடுத்தால் போதும் என்று மத்திய அரசின் சட்டம் கூறுகிறதே, அந்தத் தொகைதான் 2 டாலர் 13 சென்ட். 1991-ல் எழுதப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உருண்டோடிவிட்டன. ரொட்டியின் விலை ஏறிற்று, வீட்டு வாடகை ஏறிற்று, மருந்தின் விலை மலையேறிற்று. அந்தத் தொகை மட்டும், ஊர் எல்லையிலே நட்டுவைத்த கல்லைப்போல, அசையாமல் நிற்கிறது!

“அப்படியானால் அவர்கள் எப்படி வாழ்கிறார்கள்?” என்று கேட்கத் தோன்றும் உனக்கு. வாழவைப்பது ‘டிப்ஸ்’! நம் ஊர் ஓட்டலிலே, சாப்பிட்டு எழுந்தவர் மீதிச் சில்லறையைத் தட்டிலே விட்டுச் செல்கிறாரே, அந்த இனாம்தான். இங்கே அது மனமிருந்தால் வைப்பது. அங்கே அதுவே உலையிலிடும் அரிசி.

இனாம் கொடுப்பது இரக்கமுள்ளவர் செயல், அதிலே என்ன கேடு என்பார்கள். கேடு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். கேள்.

மற்றத் தொழிலாளர்களுக்கு மணிக்கு 7 டாலர் 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி. 2009 முதல் மத்திய அரசின் அளவு இதுதான். உணவகப் பணியாளுக்கும் இதே அளவு உண்டு என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் கொடுப்பது யார்? 2 டாலர் 13 சென்ட் முதலாளி கொடுப்பார். எஞ்சிய 5 டாலர் 12 சென்ட்டை, சாப்பிட வந்தவர் வைக்கும் இனாமிலிருந்து ஈடுகட்டிக்கொள்ளலாம்! எட்டு மணி நேரம் வேலை செய்தால், 40 டாலர் 96 சென்ட். பரிமாறிய பெண்ணுக்கென்று பரிவோடு வைத்தாயே பணம், அதிலே முதல் 40 டாலர் 96 சென்ட் அவளுடைய கூலியைக் கூட்டவில்லை. முதலாளி கொடுக்க வேண்டிய கூலியைக் குறைத்தது! அவள் கையிலே வைக்கிறாய். நிறைவதோ அவருடைய பெட்டி! கொடைவள்ளல் நீ, கொடை பெற்றவர் கல்லாவிலே கொலுவீற்றிருப்பவர்! உனக்கும் தெரியாது, அவளும் சொல்லமாட்டாள்.

இனாம் போதாது போனால் குறையை முதலாளியே நிரப்பவேண்டும் என்றும் சட்டத்திலே ஒரு வாசகம் இருக்கிறது. இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால், ஒவ்வொரு வாரமும் கணக்குப் பார்த்து, ‘ஐயா, இவ்வளவு குறைகிறது, கொடுங்கள்’ என்று கேட்கவேண்டியவள் யார்? நாளை எந்த நேரத்து வேலை, எந்த மேசை என்பதையெல்லாம் முதலாளியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டு நிற்பவள்! 2010 முதல் 2012 வரை, அந்நாட்டுத் தொழிலாளர் துறை ஏறத்தாழ 9,000 உணவகங்களில் விசாரணை நடத்திற்று. நூற்றுக்கு ஏறத்தாழ 84 உணவகங்களில் ஏதேனும் ஒரு கூலி விதி மீறப்பட்டிருந்தது. ஏட்டிலே சட்டம் இருக்கிறது. வீட்டிலே சட்டி காலியாக இருக்கிறது!

நாடகக்காரனல்லவா நான்! இதைக் காட்சியாகவே காண்கிறேன். திரை விலகுகிறது. ஒரு சிறு மேசை. உண்டு முடித்தவன் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கிறான். அருகே அவள்.

“என்ன, முகம் வாடியிருக்கிறது? இங்கே வருவது வாடிய முகம் பார்க்கவா?”

“மன்னிக்கவேண்டும் ஐயா. வேறு ஏதேனும் வேண்டுமா?”

“சிரிப்பு வேண்டும்! எங்கே, சிரி பார்க்கலாம்.”

வீட்டிலே குழந்தைக்குக் காய்ச்சல். நாளை மறுநாள் வாடகை நாள். மேசையின்மீது அவன் விரலிடுக்கிலே ஆடிக்கொண்டிருக்கிறது ஒரு பத்து டாலர் நோட்டு. சிரிக்கிறாள்.

திரை விழட்டும். அந்தச் சிரிப்பு பில்லிலே எந்த வரியிலே எழுதப்பட்டிருக்கிறது? இட்லிக்கு விலை உண்டு, காப்பிக்கு விலை உண்டு என்பதுபோல் அங்கே இறைச்சிக்கும் ரொட்டிக்கும் விலை எழுதிவைத்திருக்கிறார்கள். அவள் தன்மானத்துக்கு மட்டும் விலை எழுதாமல், வந்தவன் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள்! கூலி கொடுப்பவர் ஒருவராயிருந்தால் அவரோடு பேசலாம், சங்கம் வைத்துப் போராடலாம். நாளொன்றுக்கு நாற்பது முதலாளிகள் என்றால், யாரோடு போராடுவது?

இந்த முறை எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவிலே, பிரபுக்கள் ஏவலருக்கு நாணயம் வீசுவார்கள். அந்தப் பழக்கத்தைக் கண்டுவந்த அமெரிக்கச் சீமான்கள் தங்கள் நாட்டிலும் அதைப் பரப்பியபோது, எதிர்ப்பு எழுந்தது. மன்னனே வேண்டாமென்று புரட்சி செய்த மண்ணிலே மன்னர் காலத்து மரியாதையா என்று சீறினர். 1909-ல் வாஷிங்டன் மாநிலம் இனாமுக்குத் தடை விதித்தே சட்டம் போட்டது. மிசிசிப்பி, ஆர்க்கன்சா, அயோவா, தென் கரோலினா, டென்னசி ஆகியவையும் பின்தொடர்ந்தன. 1926-க்குள் அத்தனை சட்டங்களும் குப்பைக்கூடைக்குப் போயின! இனாம் தவறு என்று சொன்னார்களே தவிர, இனாமை நம்பி வாழ்பவனுக்கு வயிறார வாழக் கூலி கொடு என்று அந்தச் சட்டங்கள் சொல்லவில்லை. அடித்தளமில்லாத கட்டடம் எத்தனை நாள் நிற்கும்?

அடித்தளத்தைத் தேடியவர்கள் வேறோர் இடத்திலே இருந்தனர். 1865-ல் அமெரிக்காவிலே அடிமைமுறை ஒழிந்தது. இரண்டாண்டு கழித்து, ஜார்ஜ் புல்மன் என்பவர் படுக்கை வசதி கொண்ட இரயில் பெட்டிகளை ஓட்டும் கம்பெனியைத் தொடங்கினார். பஞ்சணை போட, பாதணி துடைக்க, பெட்டி தூக்க ஆள் வேண்டும். நேற்றுவரை அடிமையாயிருந்த கறுப்பின மக்களை அமர்த்தினார். சம்பளம் சொற்பம், மிச்சத்தைப் பயணிகள் தருவார்கள் என்றார். பயணிகள் அந்தப் பணியாளை அவன் பெயரால் அழைப்பதில்லை. ‘ஜார்ஜ்’ என்றே அழைத்தனர். அடிமைக்கு ஆண்டையின் பெயரையே இட்டழைத்த பழைய வழக்கம், விடுதலைக்குப் பின்னும் இரயிலேறி வந்தது! மாதத்துக்கு 400 மணி நேரம் உழைப்பு. பயணியின் காலணிக்குப் பூசும் மையைக்கூட அவனே தன் காசிலே வாங்கவேண்டும். தூங்காமல் உழைத்து, விடியற்காலையிலே புன்னகையோடு கையை நீட்டி நிற்கவேண்டும்.

1925-ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலே அவர்கள் சங்கம் கண்டனர். தலைவர் பிலிப் ராண்டால்ஃப். இளமையிலே ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்துப் பயின்ற கணீரென்ற குரலுக்குச் சொந்தக்காரர். அவர் இரயில் பணியாளர் அல்லர். ஆகவே வேலையைவிட்டு நீக்குவேன் என்று அவரை மிரட்டக் கம்பெனியால் முடியவில்லை! இனாமை நம்பி வாழவைக்கும் முறை சட்டத்துக்கு ஒவ்வாதது என்று 1927-ல் மாநிலங்களிடை வாணிக ஆணையத்திடம் முறையிட்டனர். விசாரிக்க எமக்கு அதிகாரமில்லை என்று மறு ஆண்டு கைவிரித்தது ஆணையம். தளரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937-ல் கம்பெனியை ஒப்பந்தத்திலே கையெழுத்திட வைத்தனர். 400 மணி 240 மணியாயிற்று. கூலி உயர்ந்தது. கை நீட்டி நின்றவர்கள், கையெழுத்துப் போட நிமிர்ந்து உட்கார்ந்தனர்!

அதே ராண்டால்ஃப்தான், 1963 ஆகஸ்ட் 28-ல், வேலைக்காகவும் விடுதலைக்காகவும் இலட்சக்கணக்கானோர் வாஷிங்டன் நகரிலே திரண்ட பேரணிக்குத் தலைமை தாங்கினார். மார்ட்டின் லூதர் கிங் கண்ட கனவை உலகம் நினைவு வைத்திருக்கிறது. அந்தப் பேரணியின் கோரிக்கைப் பட்டியலைத்தான் மறந்துவிட்டது. அதிலே ஒன்று: மணிக்கு 2 டாலருக்குக் குறைந்த கூலியில் மனிதன் மனிதனாக வாழ இயலாது, ஆகவே குறைந்தபட்சக் கூலியை உயர்த்துக!

தோழா, குறித்து வைத்துக்கொள் என்றேனே, அந்தத் தொகையை எடு இப்போது. 1963-ல் இதற்குக் கீழே போகாதே என்றனர்: 2 டாலர். அன்றைய 2 டாலர் இன்றைய விலைவாசியில் ஏறத்தாழ 20 டாலருக்குச் சமம். இன்று சட்டம் முதலாளியிடம் கேட்பது: 2 டாலர் 13 சென்ட்! அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட முன்னேற்றத்தின் மதிப்பு, 13 சென்ட்! டெக்சாஸ், ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, லூசியானா, டென்னசி, இரு கரோலினாக்கள் என்று, இந்த அடிமட்ட அளவையே பிடித்துக்கொண்டிருக்கும் மாநிலங்களைப் படத்திலே தொட்டுப் பார். அன்று அடிமைகளை வைத்துப் பருத்தி விளைத்த மாநிலங்கள் பல அந்த வரிசையிலே நிற்கும்.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. 1938-ல் ரூசுவெல்ட் காலத்திலே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறந்தபோது, உணவகத் தொழிலாளர் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 1966-ல் உள்ளே அழைத்தனர். ஆனால் பாதிக் கூலியை இனாமிலே கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகையை முதலாளிக்குக் கொடுத்தே அழைத்தனர். 1996-ல் பொதுக் கூலி உயர்ந்தது. அப்போது, அந்தப் பாதிக் கணக்கையும் அறுத்து, 2 டாலர் 13 சென்ட்டிலேயே ஆணியடித்துவிட்டனர். பொதுக் கூலி ஏறும்போதெல்லாம் ஏறும் ஏணி, அன்றோடு எடுத்து வைக்கப்பட்டது.

“இனாம் இருந்தால்தான் பணிவிடை சிறக்கும்” என்பார் வாதாடுவோர். கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் லின் பல்லாண்டு ஆராய்ந்து கண்டது, பணிவிடையின் தரத்துக்கும் இனாமின் அளவுக்கும் உள்ள தொடர்பு மிக மெல்லியது என்பதே. 1996-ல் வெளிவந்த வேறோர் ஆய்விலே, பில்லின் பின்புறம் சிரித்த முகமொன்றை வரைந்து கொடுத்தால் பெண்ணுக்கு இனாம் கூடிற்று. ஆண் வரைந்தால் கூடவில்லை! அளக்கப்படுவது பணிவிடையா, வேறொன்றா என்பதை நீயே எண்ணிப் பார்.

“முழுக் கூலி கொடுத்தால் உணவகங்கள் மூடப்படும்” என்பார் இன்னொருவர். கலிபோர்னியா, வாஷிங்டன், ஓரிகான், நெவாடா, மினசோட்டா, மோன்டானா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களிலே இந்தக் கழிவு கிடையாது. முழுக் குறைந்தபட்சக் கூலியையும் முதலாளியே தரவேண்டும். அங்கெல்லாம் மக்கள் பட்டினியா கிடக்கிறார்கள்? அடுப்பு எரிகிறது, மேசை நிறைகிறது. கூலிக்கு மேலே இனாமும் கிடைக்கிறது.

வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்கலாகாது. பணியாளர்களிலேயே பலர் மாற்றம் வேண்டாம் என்கிறார்கள்! மேய்ன் மாநிலத்திலே 2016-ல் மக்கள் வாக்களித்துக் கழிவை ஒழிக்க முடிவு செய்தனர். பணியாளர்களே பலர் சென்று எதிர்த்து முறையிட, 2017-ல் சட்டமன்றம் பழைய முறைக்கே திரும்பிற்று. மாசசூசெட்சிலே 2024-ல் மக்களே நிராகரித்தனர். ஏன்? விலையுயர்ந்த விடுதியிலே, வெள்ளிக்கிழமை இரவிலே, கை நிறைய இனாம் பெறுபவர் இருக்கிறார்கள். அவர்கள் அச்சம் பொய்யன்று. கையிலிருப்பதை இழக்க எவர் விரும்புவர்? ஆனால் சட்டம் எழுதப்படுவது வெள்ளிக்கிழமை இரவுக்காக மட்டுமா? செவ்வாய்க்கிழமைக் காலையிலே, நெடுஞ்சாலையோரச் சிற்றுண்டிச் சாலையிலே, மழை பெய்து மேசைகள் வெறிச்சோடிக் கிடக்கையில், துடைத்த மேசையையே மீண்டும் துடைத்துக்கொண்டு நிற்பவளுக்காகவும் அல்லவா! அவள் உழைப்பு அன்று குறைந்ததா? மழை பெய்ததற்குத் தண்டம் அவள் கட்டுவதா?

நல்லெண்ணம் கொண்ட முதலாளிகள் இல்லையா என்றால், உண்டு. நியூயார்க்கிலே டேனி மேயர் என்பவர் 2015-ல் தம் உணவகங்களில் இனாமை ஒழித்து, விலையை உயர்த்தி, கூலியை உயர்த்தத் தொடங்கினார். 2020-ல் கைவிட்டார். பக்கத்துக் கடை பழைய முறையிலே குறைந்த விலை காட்டும்போது, ஒருவர் மட்டும் எத்தனை நாள் தாக்குப் பிடிப்பார்? தனிமனிதன் கருணை தளர்ந்துபோகும். எல்லோருக்கும் பொதுவான சட்டமே தாங்கும்.

2025-ல் புதிதாக ஒரு சலுகை வந்திருக்கிறது: ஆண்டுக்கு 25,000 டாலர் வரை இனாமுக்கு வருமான வரி விலக்கு, 2028 வரை. கேட்க இனிக்கிறது. வரி கட்டும் அளவுக்கே வருமானமில்லாத ஏழைக்கு அதனால் என்ன வந்தது? முதலாளி தரவேண்டிய கூலியிலே ஒரு சென்ட் கூடிற்றா? இல்லை.

கடல் கடந்த கதை என்று ஒதுக்கிவிடாதே. இந்தியாவிலும் பெரிய உணவகங்கள் பில்லிலே ‘சேவைக் கட்டணம்’ என்று ஒரு வரி சேர்த்தன. அதைத் தாமாகச் சேர்க்கக்கூடாது என்று 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறை வகுத்தது. 2025 மார்ச்சிலே டில்லி உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உண்பவரின் உரிமை காக்கப்பட்டது, நன்று. பரிமாறுபவரின் கூலி என்ன என்ற கேள்வி மட்டும், அந்த வழக்கிலே கட்சிக்காரராக இல்லாமல், தட்டேந்தி ஓரத்திலே நின்றது.

ஆகவே, இனாம் கொடுக்காதே என்கிறேனா? இல்லை, தோழா! கூலி உயரும்வரை கொடு. கணக்குப் பார்க்காமல் கொடு. உன் கொள்கைக்காக அவள் குழந்தை பட்டினி கிடக்கவேண்டாம். ஆனால் கொடுத்துவிட்டுக் கடமை தீர்ந்தது என்று கைகழுவாதே. மேசைமீது பணத்தை வைக்கும் அதே கையை, அவள் சங்கம் ஊர்வலம் வரும் நாளிலே உயர்த்து. அவளுக்குக் கூலி என்ன என்று முதலாளியிடம் கேள். அதைச் சட்டமாக்கு என்று வாக்குக் கேட்டு வருபவரிடம் கேள். முழுக் கூலியை மாதக் கடைசியிலே கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டவள், உன் மேசைக்கு வந்து சிரிப்பாளானால், அந்தச் சிரிப்பு அவளுக்கே சொந்தமானது. சிரிக்காவிட்டாலும் குறையில்லை. சோறு சூடாக இருந்தால் போதும் நமக்கு!