வார்டனின் கையொப்பம்

வக்காலத்துப் பத்திரத்தில் கட்சிக்காரருக்குப் பதிலாக அவர் தங்கியிருக்கும் சத்திரத்துக் காரியஸ்தர் ஒப்பமிட்டுக் கொடுத்தால், எந்த முன்சீபும் அதை ஏற்கமாட்டார். அற்பக் கடன் வழக்குக்கே இவ்வளவு கண்டிப்பிருக்க, ஒரு சிறுமியின் உடலில் மருந்தைச் செலுத்துவதற்கான சம்மதத்தை ஹாஸ்டல் வார்டன் கொடுத்துவிடலாம் என்று நமது தேசத்தில் ஒரு சமயம் உத்தரவே பிறந்தது.

2009-ம் வருஷத்தில், அக்காலத்து ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் ஜில்லாவிலும் குஜராத்தின் வடோதரா ஜில்லாவிலும், 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி போடத் தொடங்கினார்கள். பாத் என்னும் அமெரிக்க ஸ்தாபனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடனும் இரு ராஜ்ய சர்க்கார்களுடனும் கூடி நடத்திய காரியம் இது. கம்மத்துச் சிறுமிகளில் பலர் பெற்றோரைப் பிரிந்து விடுதிகளில் வசித்த பழங்குடிக் குழந்தைகள். ஏழு சிறுமிகள் இறந்தபின், 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது.

அம்மரணங்களுக்கு ஊசியே காரணம் என்று கூற நாம் முன்வரவில்லை. அவை பெரும்பாலும் ஊசியோடு சம்பந்தமற்றவை என்றே சர்க்கார் நியமித்த விசாரணைக் கமிட்டி கண்டது. ஒருத்தி நீரில் மூழ்கி இறந்தாள், மற்றொருத்தியைப் பாம்பு தீண்டிற்று. பல தேசங்களில் நற்பயன் தந்துவரும் ஊசிதான் இது. நமது ஆட்சேபம் வேறு. 2013 ஆகஸ்டில் வெளிவந்த பார்லிமெண்டு நிலைக்குழுவின் 72-வது அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். ஆந்திரத்துச் சம்மதப் பத்திரங்கள் 9,543-ல் 1,948 கைநாட்டு. 2,763 வார்டன்கள் ஒப்பமிட்டவை! கைநாட்டில் குற்றமில்லை. எழுத்தறியாதவருக்கு வாய்மொழியாக விளக்கி, பாரபட்சமற்ற சாட்சியை வைத்துக்கொண்டு சம்மதம் பெற விதி இடம் கொடுக்கிறது. ஆனால் மாதிரிக்கு எடுத்துப் பார்த்த பத்திரங்கள் பலவற்றில் சாட்சியின் ஒப்பத்தையே காணோம். வார்டன்களையும் நாம் பெரிதாகக் குறைகூறோம். அவர்கள் ராஜ்ய சர்க்காரின் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவர்கள். பெற்றோர் உயிரோடு இருக்கையில் அவர்களுடைய உரிமையை ஒரு சுற்றறிக்கையால் பிறருக்கு மாற்றிக் கொடுக்கச் சர்க்காருக்கு அதிகாரம் தந்தது யார்?

இது பரிசோதனையே அன்று, 2008-ல் அனுமதி பெற்ற மருந்தைக் கொண்டு நடத்திய அவதானிப்பு மட்டுமே என்று நடத்தியோர் வாதித்தனர். சம்மதப் பத்திரத்தை அச்சிட்டு வழங்கிய பிறகு இவ்வாதம் எடுபடாது. பத்திரம் வேண்டியதாயின் அது மெய்யாயிருக்க வேண்டும்.

இதனால் நஷ்டம் யாருக்கு? இந்நோயால் இந்தியாவில் ஆண்டுதோறும் 70,000-க்கு மேற்பட்ட பெண்கள் மடிகிறார்கள். அவர்களைக் காக்கக்கூடிய ஊசியின் மீது சந்தேக நிழலை வீழ்த்தியது எதிரிகளின் பிரசாரம் மட்டுமன்று. அந்த 2,763 கையொப்பங்களுந்தான்.

பின்னர் விதிகள் இறுகியுள்ளன. 2019-ம் வருஷத்து விதிகளின்படி நெறிமுறைக் கமிட்டி அங்கத்தினரில் பாதிப்பேராவது அந்த ஸ்தாபனத்துக்கு வெளியேயுள்ளவராக இருக்க வேண்டும். நல்லதே. ஆயினும் நகரத்து மண்டபத்தில் மின்விசிறியின் கீழ் அமர்ந்து காகிதத்தைப் பரிசீலிப்பதோடு அவர்கள் கடமை தீர்ந்துவிடுமா? முதல் ஊசி ஏறுமுன் அங்கத்தினர் ஒருவரேனும் கிராமத்துக்குச் சென்று, தான் எதற்கு இசைந்தாள் என்று ஒரு தாயை அவளுடைய பாஷையிலேயே கேட்டறியட்டும். அச்சிறுமியையும் கேட்கட்டும், ஏழு வயது கடந்த குழந்தையின் இசைவையும் பெறவேண்டும் என்று அதே கவுன்சிலின் 2017-ம் வருஷத்து நெறிமுறைகள் கூறுகின்றன.