சிறு கேபிள், பெரு நஷ்டம்



பழைய அமெரிக்கக் கார்களைப் போற்றிப் பாதுகாப்போருள் பலர், கியர்பெட்டி கருகிப்போன பின்னரே ஒரு மெல்லிய கேபிளைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகின்றனர். அதன் விவரத்தை இம்மாதம் அறிந்துகொள்வோம்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1982ஆம் ஆண்டு மாடல்களில் 700-ஆர்4 என்னும் நான்கு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியை அறிமுகப்படுத்தியது. அதன் முதல் கியர் விகிதம் 3.06; நான்காவது 0.70. எனவே நெடுஞ்சாலையில் எஞ்சின் நிதானமாகச் சுழலும், பெட்ரோலும் மிச்சமாகும். 1960களின் ஷெவர்லே கார்களிலிருந்த இரண்டு கியர் பவர்கிளைடைக் கழற்றிவிட்டு இதனைப் பொருத்துவோர் ஏராளம். சிக்கல் அங்கேதான் ஆரம்பமாகிறது.

கார்புரேட்டரின் திராட்டில் நெம்புகோலிலிருந்து கியர்பெட்டிக்குள் செல்லும் கேபிள், உள்ளே ஒரு வால்வை அசைக்கிறது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, எண்ணெய் அழுத்தம் உயரும். அவ்வழுத்தமே கிளட்ச் தட்டுகளை இறுகப் பற்றவைக்கிறது. எந்த வேகத்தில் கியர் மாறவேண்டும் என்பதிலும் இக்கேபிளுக்குப் பங்குண்டு. முந்தைய டர்போ 350 பெட்டியிலும் ஒரு கேபிள் உண்டு. ஆனால் முழுவதும் மிதிக்கும்போது கீழ் கியருக்கு இறக்குவதே அதன் வேலை. இரண்டையும் ஒன்றெனக் கருதுவது தவறு.

கேபிள் தளர்ந்திருந்தால் நேர்வது என்ன? எஞ்சின் முழு வலிமையோடு இழுக்கும். கியர்பெட்டிக்கோ பாரம் குறைவென்ற பொய்ச் செய்தியே போய்ச்சேரும். கியர்கள் முந்திக்கொண்டு மாறும்; தட்டுகள் வழுக்கும்; வழுக்கலில் சூடு பிறந்து அவை கருகும். ஓட்டுபவரோ, 'எவ்வளவு மென்மையாக மாறுகிறது!' என மகிழ்ந்திருப்பார். அம்மென்மையே அபாயத்தின் அறிகுறியாக இருக்கலாம். மிகையாக இறுகியிருந்தாலோ, கியர் தாமதமாகவும் அதிர்வோடும் மாறும்.

சரிசெய்யும் முறை எளிதே. எஞ்சினை நிறுத்துங்கள். கேபிளின் பூட்டுப் பொத்தானை அழுத்தி, நகரும் பகுதியைத் திராட்டில் நெம்புகோலுக்கு எதிர்ப்புறமாகத் தள்ளுங்கள். பொத்தானை விட்டபின் திராட்டிலை முழுமையாகத் திறந்தால், கேபிள் தன் நிலையை அமைத்துக்கொள்ளும். வேறு கம்பெனிக் கார்புரேட்டராயின், கேபிள் மாட்டும் இடமும் கோணமும் மாறிவிடும். அதற்கேற்ற இணைப்புத் துண்டு அவசியம். இறுதியில் எண்ணெய் அழுத்தத்தை அளவுமானி வைத்துச் சோதிப்பதே உறுதியான வழி.

1993இல் வந்த மின்னணு வகையான 4எல்60-ஈ பெட்டியில் இக்கேபிள் இல்லை. பழைய பெட்டியை வைத்திருப்போர்க்கோ இக்கவலை இன்றும் உண்டு. வழுக்கலை உணர்ந்தபின் கேபிளைத் திருத்துவதால் கருகிய தட்டுகள் மீளா. வண்டியைச் சாலையில் இறக்குமுன் சில நிமிடங்கள் செலவிடுங்கள். பெரும் பழுதுச்செலவு தவிரும்.